ஹாலின் கிழக்கு மூலை

என் வீட்டுக்காரருக்குக் காது கிடையாது. செவிடு என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுச் சண்டையெல்லாம் நன்றாகவே கேட்கும். ஆனால் ஒரு சத்தம் எதனால் நன்றாக இருக்கிறது, எதனால் கெடுகிறது என்று கண்டுபிடிக்கிற காது அவருக்கு இல்லை. அதற்குப் பதிலாகப் புத்தகம் வைத்திருந்தார்.

எனக்குக் காது உண்டு. போர்ட் பிளேர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் நான். "ஹலோ" என்ற ஒரு சொல்லை வைத்தே பேசுகிறவர் சாப்பிட்டாரா, பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாரா என்று சொல்லிவிடுவேன். லைனில் இரைச்சல் வந்தால் மழையா, கம்பியில் கிளை உரசுகிறதா என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவளிடம் ஒரு நாளாவது, "பங்கஜம், இது உன் காதுக்கு எப்படி இருக்கு?" என்று அந்த மனிதர் கேட்டிருப்பாரா? கேட்டதே இல்லை.

அவர் பெயர் அழகேசன். சர்க்காரில் எலெக்ட்ரிக் ஓவர்சியர். எங்களுக்குக் கடலுக்கு இந்தப் பக்கம் பாம்பூஃப்ளாட்டில் குவார்ட்டர்ஸ். காலையில் ஃபெர்ரியில் அந்தக் கரைக்கு, சாத்தம் துறைக்குப் போய் இறங்கி இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வேலைக்குப் போவோம், சாயங்காலம் அதே ஃபெர்ரியில் திரும்புவோம். பிள்ளை குட்டி இல்லை. அவருக்கு இருந்தது ஒரு ஸ்டீரியோ செட். வால்வு வாங்கி, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி, ஆம்ப்ளிஃபயரை அவரே கட்டியது. இரண்டு பக்கமும் இரண்டு பெட்டி. அது போதாதாம். தாழ்ந்த சத்தத்துக்கென்றே தனியாக மூன்றாவதாக ஒரு பெரிய பெட்டி வேண்டுமாம். அதற்குள் இருக்கிற ஸ்பீக்கருக்கு வூஃபர் என்று பேர். கப்பல்காரர் யாரோ கொடுத்த அமெரிக்கப் பத்திரிகையில் அதை சப்-வூஃபர் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் அந்த வார்த்தையையே மென்றுகொண்டு திரிந்தார்.

வீடோ, கட்டைக்கால் மேல் நிற்கிற மரவீடு. தரை பலகை, சுவர் பலகை, மேலே தகரம். தரைக்கு அடியில் கோழிகள் அடைகிற வெற்றிடம். கொஞ்சம் அழுத்தி நடந்தாலே அடுக்களையில் டம்ளர் பேசும். அப்படிப்பட்ட வீட்டின் ஹாலில், பதினாலுக்குப் பன்னிரண்டு அடியில், இவருக்கு மெட்ராஸ் சபா கேட்க வேண்டும்.

ஒரு காலத்தில் அது கேட்கத்தான் செய்தது. பொய் சொல்லமாட்டேன். எழுபத்தொன்றில் என் மாமனார் குழந்தைவேலு பக்கவாதத்தில் விழுந்தார். ஹாலின் கிழக்கு மூலையில் அவருக்குப் பெரிய கட்டில் போட்டோம். படுக்கைப்புண் வந்துவிடக்கூடாது என்று இலவம்பஞ்சு மெத்தை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன். கட்டிலுக்கு அடியில் பழைய துணி மூட்டை, கம்பளி மூட்டை. இரண்டரை வருஷம் அந்தக் கிழவருக்குப் பீ மூத்திரம் அள்ளினேன். மகன் பக்கத்திலேயே உட்கார்ந்து கிராமபோன் பிளேட் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த நாட்களில் மிருதங்கத்தில் இடது கை விழுந்தால் அந்தத் தோல் அதிர்வது தனியாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் போர்ட் பிளேரிலிருந்து ஆட்கள் ஃபெர்ரி ஏறி வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். "என்ன ஓவர்சியர், க்யா பாத் ஹை!" என்று முதுகில் தட்டுவார்கள். இவர் தலை கால் புரியாமல் நிற்பார்.

எழுபத்துமூன்று கடைசியில் மாமனார் போய்ச் சேர்ந்தார். செத்தவர் படுத்த மெத்தையை வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்களில் கிடையாது. மெத்தை, தலையணை, கம்பளி எல்லாவற்றையும் கடற்கரையில் வைத்துக் கொளுத்தினோம். கட்டிலைக் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் நான் என் விஷயத்தை எடுத்தேன்.

என் விஷயம் என் அக்கா. பெயர் விசாலாட்சி. பரமக்குடிப் பக்கம் எங்கள் அண்ணன் வீட்டில் இருந்தாள். அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். நான் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதற்காகத் தன் படிப்பை நிறுத்திக்கொண்டவள். அத்தான் இறந்ததும் அண்ணன் அழைத்துக்கொண்டு போனான், பேர்தான் அழைத்துக்கொண்டது. படுக்கை கொல்லைப்புறச் சாய்ப்பில், விறகுக்கட்டுக்குப் பக்கத்தில், சாக்கின்மேல். ஒரு தடவை தேள் கொட்டியிருக்கிறது. அதை அவள் எழுதவில்லை. ஊருக்குப் போய்வந்தவர்கள் சொல்லித் தெரிந்தது. அவளை இங்கே கொண்டுவந்துவிட வேண்டும், ஒரு கூரைக்குக் கீழே, ஒரு கட்டிலில் படுக்க வைக்க வேண்டும். எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

"ஏங்க, மாமா கட்டில் போட்டிருந்த இடம் சும்மாதானே கிடக்கு. அக்காவ வரச் சொல்லட்டுமா?"

அவர் நிமிரவே இல்லை. "இடம் எங்க இருக்கு பங்கஜம்? ஒரே ஒரு ஹால். வந்து போறவங்க எல்லாம் எங்க உட்காருவாங்க?"

இரண்டரை வருஷம் அவர் அப்பாவுக்கு இருந்த இடம், என் அக்காவுக்கு இல்லாமல் போய்விட்டது. நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். பேசினால் அடுப்பில் இருந்ததைத் தூக்கி அடித்திருப்பேன்.

அன்று சாயங்காலம்தான் அவர், துக்கம் எல்லாம் முடிந்து, முதல் தடவையாகப் பிளேட் போட்டார். ஊம்ம்ம் என்று ஒரே உறுமல். வீடு மொத்தமும் ஒரே சுருதியில் ஊளையிட்டது. பாடுகிறவர் தண்ணீர்க் குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுகிற மாதிரி இருந்தது. இவர் முகம் வெளுத்துப்போனது. அப்பா செத்த அன்றுகூட அப்படி வெளுக்கவில்லை.

"உப்புக் காத்து. வூஃபர் பேப்பர் போயிடுச்சு. சப் பேக்கார், எல்லாம் வீண்" என்றார்.

அப்போது ஆரம்பித்தது வூஃபர் தேர்வு. இந்தத் தீவில் கடைக்குப் போய், கேட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் மாற்றுகிற வேலை நடக்காது. மெயின்லேண்டுக்குப் போகிற கப்பலில் தெரிந்தவரிடம் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்தவர் கப்பலில் வேலை பார்த்த பன்னீர்செல்வம். சீட்டில் எழுதினதுதான் வரும். வந்ததைத் திருப்ப முடியாது. அதனால் இவர் ஒரு சீட்டு எழுத ஒரு மாதம் எடுத்துக்கொள்வார். ஹாலை டேப் வைத்து அளப்பார், கட்டம்போட்ட காகிதத்தில் கோடு இழுப்பார். ஒவ்வொரு அறைக்கும் சொந்தமாக ஒரு சுருதி உண்டு, வூஃபர் அதைத் தொட்டால் அறை கத்தும் என்று எனக்குப் பாடம் நடத்துவார். அதெல்லாம் சரிதான். அந்த அறை முந்தின மாதம் வரை ஏன் கத்தவில்லை என்று மட்டும் அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கும் தெரியாது.

முதலில் பன்னிரண்டு அங்குலம் வந்தது. உறுமல் போகவில்லை. புத்தகத்தில் ஒரு வழி போட்டிருந்ததாம். வூஃபரை நாம் உட்காருகிற நாற்காலியில் வைத்துவிட்டு, நாம் தரையோடு தரையாகத் தவழ்ந்துபோய், எங்கே சத்தம் சுத்தமாகக் கேட்கிறதோ அங்கே வூஃபரை வைக்க வேண்டுமாம். பனியனும் லுங்கியுமாக, நாற்பத்தாறு வயது ஆள், ஹால் முழுக்க நாலு காலில் தவழ்ந்தார். அடுத்த குவார்ட்டர்ஸ் நீலாவதி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அடுக்களைப் பக்கம் ஓடி வந்தாள்.

"அக்கா, அண்ணனுக்கு என்னாச்சு? ஏதாச்சும் தொலைஞ்சுபோச்சா?"

"ஆமா, புத்தி" என்றேன்.

அடுத்தது பதினைந்து அங்குலம். அதற்குப் பெட்டி மாட்டுத்தொட்டி அளவு. நாலு பேர் சேர்ந்து, ஃபெர்ரி வந்து நிற்கிற ஜெட்டியிலிருந்து தூக்கிவந்தார்கள். போட்டதும் அலமாரியில் இருந்த பித்தளைச் சொம்பு நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. தரைக்கு அடியில் கோழிகள் ஒரு வாரம் முட்டையிடவில்லை. பிறகு, ஒன்று பெரிதாக இருப்பதைவிட இரண்டு சிறிதாக, எதிரெதிர்ச் சுவரில் வைத்தால் ஒன்றின் உறுமலை இன்னொன்று அடக்கும் என்று படித்தார். பத்து அங்குலத்தில் இரண்டு வந்தன. கொஞ்சம் அடங்கிற்று, அவ்வளவுதான்.

ஒவ்வொரு தடவையும் கப்பல் கிளம்பும் முன்னால் பன்னீர்செல்வம் வீட்டுக்கு வருவார். ஒவ்வொரு தடவையும் என்னிடம் கேட்பார். "அண்ணி, உங்க அக்காவக் கூட்டியாரவா? கப்பல்ல பங்க் படுக்கை டிக்கெட் நான் பாத்துக்கறேன். கண்ணு மாதிரி கொண்டுவந்து சேர்க்கறேன்."

நான் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பேன். "இந்த ட்ரிப் வேண்டாம் பன்னீர். ஹால் இன்னும் ஸெட் ஆகல. வூஃபர மட்டும் பத்திரமா கொண்டுவா, குலுங்காம" என்பார். குலுங்காமல் வரவேண்டியது வூஃபர். என் அக்கா விறகுக்கட்டுக்குப் பக்கத்திலேயே கிடக்கலாம். மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. அந்த மூன்று வருஷத்தில் அவர்மேல் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பிரியமும் போயிற்று. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எழுபத்தாறு மழைக்காலத்தில் நீலாவதி குடும்பம் இரண்டு மாத லீவில் மெயின்லேண்டுக்குப் போனது. அவர்கள் வீட்டுத் தகரம் ஒழுகும். லீவில் போகிறவர்கள் நனையக்கூடாத சாமானைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டுப் போவது இங்கே எல்லாரும் செய்கிறதுதான். அவள் நாலு மெத்தைச் சுருளும் ஒரு தலையணை மூட்டையும் கொண்டுவந்து போட்டாள். வேறு இடமில்லாமல் கிழக்கு மூலையில் கூரை எட்டுகிற மட்டும் அடுக்கினேன்.

அன்று சாயங்காலம் அடுக்களையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஹாலில் பிளேட் சுழன்றது. என் கை நின்றுவிட்டது. மிருதங்கத்தின் இடது பக்கம், அந்தத் தோல், தனியாக, சுத்தமாக விழுந்தது. உறுமல் இல்லை. மாமனார் இருந்த நாட்களில் கேட்ட அதே சத்தம். எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். கிழக்கு மூலையைப் பார்த்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை, எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த உறுமல் மொத்தமும் அந்த மூலையில்தான் அடைந்துகொண்டிருந்திருக்கிறது. பஞ்சு அதைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மெத்தையை எரித்தோம், வீடு கத்தியது.

அவரோ ஹால் நடுவில் நின்று குதித்தார். "பாத்தியா! பத்து அங்குலம் ரெண்டு! நான் சொன்னேன்ல? புதுசுல இறுக்கமா இருக்கும், ஓட ஓடத்தான் இளகும். பக்கா! இதான் பக்கா!"

நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் ஆத்திரத்தில்தான் திறக்கவில்லை. இந்த மனிதருக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்? பிறகு, இரண்டு மூன்று நாள் கழித்து, வேறு ஒரு எண்ணம் வந்தது. இவருக்கு உயிருக்குயிரான ஒன்றின் சாவி இப்போது என் கையில் இருக்கிறது என்ற எண்ணம். காத்திருந்தேன்.

இரண்டு மாதம் அவர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார். நீலாவதி திரும்பி வந்தாள். மெத்தைகளை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் சாயங்காலம் வீடு பழையபடி ஊளையிட்டது. பிளேட்டை மாற்றினார், ஒயரைக் கழற்றி மாட்டினார், பெட்டிகளை இழுத்து இழுத்து இடம் மாற்றினார். கடைசியில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். நிஜமாகவே கண்ணில் தண்ணீர். பதினெட்டு அங்குலம் எழுதிப்போட வேண்டியதுதான் என்றார்.

"எதுவும் எழுத வேண்டாம். என்கூட வாங்க" என்றேன்.

நீலாவதி வீட்டிலிருந்து மெத்தைகளை ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கி, மூலையில் அடுக்கிக் காட்டினேன். பிளேட் போட்டார். எடுத்துவிட்டுக் காட்டினேன். திரும்பவும் அடுக்கினேன். மூன்றாம் தடவை அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமா படுத்திருந்த இடம்" என்றேன். "அவர் மெத்தைதான் உங்க சங்கீதம். வூஃபரும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல."

அவர் தலை குனிந்திருந்தது. அப்பாவை நினைத்துக்கொள்கிறார் என்று எண்ணினேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது.

தலையைத் தூக்கினார். "அந்த மெத்தைய எரிச்சிருக்கவே கூடாது பங்கஜம்" என்றார்.

அவ்வளவுதான். எனக்குள் இருந்த இரக்கமெல்லாம் வற்றிப்போயிற்று. நான் என் சாவியைத் திருப்பினேன்.

"புதுசா மெத்தை வாங்கிப் போட்டாப் போதும்னு நினைக்காதீங்க. இந்த மழையில ஆள் படுக்காத மெத்தை ஒரு வாரம் தாங்குமா? பூசணம் பிடிச்சுக் கட்டியாயிடும். தினம் வெயில் கண்ட நேரத்துல இழுத்துப்போட்டுத் தட்டணும். ஒரு உடம்பு அதுல படுத்து எந்திரிக்கணும். அப்பத்தான் பஞ்சு பஞ்சா இருக்கும். நான் காலையில போனா சாயங்கால ஃபெர்ரியிலதான் வரேன். யாரு பாக்கிறது?"

அவர் யோசித்தார். நான் அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உங்க அக்கா வருவாங்களா?" என்றார்.

மூன்று வருஷம் அந்தக் கேள்விக்காகக் கும்பிடாத சாமி இல்லை. வந்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. "வருவா" என்றேன்.

அதன்பிறகு அவர் வேகத்தைப் பார்க்க வேண்டுமே! வூஃபருக்கு இழுத்த அதே கட்டம்போட்ட காகிதத்தில் மெத்தைக்குப் படம் போட்டார். ஆறேகால் அடி நீளம், நாலடி அகலம், பத்து அங்குல உயரம், சுத்தமான இலவம்பஞ்சு, கெட்டித் துணி உறை. கட்டில் உயரம் எவ்வளவு, சுவரிலிருந்து எத்தனை விரல் தள்ளி என்று எல்லாம் குறித்தார். பன்னீர்செல்வத்திடம் சீட்டைக் கொடுக்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்க அக்கா ரொம்ப ஒல்லியா?" என்று கேட்டார். மனுஷ உடம்பும் சத்தத்தைக் குடிக்குமாம், புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். "சுமாரா இருப்பா" என்றேன்.

அடுத்த கப்பலில் மெத்தையும் அக்காவும் சேர்ந்து வந்தார்கள். இரண்டுக்கும் ஒரே சீட்டு. சாத்தம் ஜெட்டியில் அவளைப் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஐம்பத்திரண்டு வயது, எழுபது சொல்லலாம். கையில் ஒரு துணிப்பை, அவ்வளவுதான் அவள் ஆஸ்தி. என்னைக் கட்டிக்கொண்டு, "பங்கு, இளைச்சுட்டியேடி" என்றாள். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள் அதை.

மெத்தையை அவரே தோளில் தூக்கிக்கொண்டு ஃபெர்ரி ஏறினார், கூலியாளைத் தொடவிடவில்லை. அக்கா அதை வாய் பிளந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் கிழக்கு மூலையில் கட்டிலின்மேல் அதை விரித்து, ஓரங்களைத் தட்டி, சுவரிலிருந்து தூரத்தை விரல் வைத்துப் பார்த்தார்.

"படுத்துப் பாருங்க மதினி" என்றார்.

"எனக்கா?" என்றாள். "இம்புட்டு ஒசரமாவா? எனக்கெதுக்கு மாப்பிள்ளை இதெல்லாம்? ஒரு பாய் போதாதா?"

"இல்ல இல்ல. நீங்க இதுலதான் படுக்கணும்."

அவள் விளிம்பில் உட்கார்ந்தாள். கையால் மெத்தையைத் தடவினாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், சத்தமே இல்லாமல். அவர் திரும்பிப்போய்ப் பிளேட் போட்டார். சத்தம் சுத்தமாக வந்தது. அவர் முகம் மலர்ந்ததை அவளும் பார்த்தாள்.

ஆறு மாதம் ஆயிற்று. அக்காவுக்குச் சாப்பாட்டில் குறையில்லை, உடம்பு தேறியது. காலையில் வெயில் வந்ததும் மெத்தையை வாசலுக்கு இழுத்துப்போட்டுத் தட்டுவாள், மூன்று மணிக்கு உள்ளே போட்டுவிடுவாள். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டது. சாயங்காலம் அவர் வந்து பிளேட் போடும்போது அதில் படுத்திருக்க வேண்டும். அதுவும் மாப்பிள்ளை கேட்டுக்கொண்டதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டின் நடுவில் அவள் தண்ணீர் குடிக்க எழுந்தாள். "மதினி, இது முடியட்டும், படுங்க" என்றார் அவர். அவள் அப்படியே திரும்பிப் படுத்தாள். எனக்கு வந்ததே கோபம்! "அவ மனுஷியா, உங்க செட்டு சாமானா? தண்ணிகூடக் குடிக்கக்கூடாதா?" என்று கத்திவிட்டேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார்.

அக்கா என்னை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னைத் திட்டி நான் கேட்டதில்லை. அன்று திட்டினாள்.

"என்னடி நாக்கு இது? அவுகளப் பாத்தாலே எரிஞ்சு விழுறியே! கூடப்பொறந்தவன் வீட்டுல ஒரு நா என்னைய உள்ள வந்து படுன்னு சொன்ன ஆள் இல்ல. நான் இருக்கேனா செத்தேனான்னு பாத்த ஆள் இல்ல. இவுக என்னடான்னா, நான் எந்திரிச்சுட்டாலே பாட்டு நல்லால்லங்கறாக. நான் பக்கத்துல இருந்தாத்தான் பாட்டு பாட்டா இருக்காம். எனக்கு இப்படி ஒருத்தரு சொல்லி நான் கேட்டதே இல்லடி பங்கு."

அவள் கண் நிறைந்திருந்தது. எனக்கு நாக்கு நுனிவரை எல்லாம் வந்தது. சொல்லிவிட்டால் அவள் அன்றைக்கே துணிப்பையை எடுத்துக்கொண்டு விறகுக்கட்டுக்குத் திரும்பிப் போவாள். அவளை எனக்குத் தெரியும். இந்தப் பேரத்தை முடித்தது அவரும் இல்லை, நான்தான். என் அக்காவை மெத்தையோடு சேர்த்து எழுதிக்கொடுத்தது என் வாய்தான்.

"நல்லவர்தான்க்கா" என்றேன். "எனக்குத்தான் தெரியல."

"அப்படிச் சொல்லு" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாசலுக்குப் போய், "வாங்க மாப்பிள்ளை, அவ சும்மா கத்துவா, நீங்க போடுங்க" என்று அழைத்தாள். பிறகு தண்ணீர் குடிக்காமலே போய் மூலையில் படுத்துக்கொண்டாள். அவர் உள்ளே வந்து, அவள் படுத்திருக்கிறாளா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, பிளேட்டை முதலிலிருந்து போட்டார்.